தகட்டில் விட்ட விரல்நுனிகள்: பிளாக் சபாத் இசைக்குழுவின் வரலாறு

ராக் இசையின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் அதைக் கருத்துகளின் வரலாறாகவே எழுதுகிறார்கள். அறுபதுகளின் கனவு, எழுபதுகளின் கசப்பு, இளைஞர்களின் எதிர்ப்புணர்வு என்று அது ஒரு பெரிய சித்திரமாக விரியும். அதில் பிழையில்லை. ஆனால் ஓர் இசைவகையின் பிறப்பை, ஒரு மனிதரின் கையில் ஒரு நாள் பட்ட காயத்திலிருந்து தொடங்கிச் சொல்ல முடிவது அரிது. ஹெவி மெட்டல் என்று உலகெங்கும் அறியப்படும் இசைக்கு அப்படியொரு தொடக்கம் இருக்கிறது. அதைத் தந்த பிளாக் சபாத் குழுவின் கதையைச் சற்று விரிவாகவே பார்க்கலாம் என்று எண்ணுகிறோம். இந்த இசையை வெறும் இரைச்சல் என்று ஒதுக்கிவிட்டவர்கள் நம் வாசகர்களில் அதிகம் என்பதை அறிவோம். அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

1965ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஓர் உலோகத் தகட்டுத் தொழிற்சாலை. அங்கே வேலை பார்த்துவந்த டோனி அயோமிக்கு வயது 17. இத்தாலிய வழிவந்த குடும்பத்துப் பிள்ளை. ஓர் இசைக்குழுவோடு வெளிநாட்டுப் பயணம் போவதற்காக வேலையை விடப்போகிறார். அன்றுதான் கடைசி நாள். மதிய உணவுக்கு வீடு வந்தவர், இனித் திரும்பப் போவதில்லை என்று தாயிடம் சொல்ல, எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று தாய் அனுப்பிவைத்தாராம். அன்று வேலைக்கு வராத ஒருவருக்குப் பதிலாக, தமக்குப் பழக்கமில்லாத தகடு அழுத்தும் இயந்திரத்தில் அவர் நிற்க நேர்ந்தது. இயந்திரம் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் எடுத்துக்கொண்டது. அயோமி இடதுகைப் பழக்கம் உடையவர். ஆகவே கிதாரின் தந்திகளை அழுத்திப் பிடிக்க வேண்டிய கை வலது கைதான்.

மருத்துவர்கள் இனி வாசிப்பதை மறந்துவிடச் சொன்னார்கள். தொழிற்சாலையின் மேலாளர்தான் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் செய்தார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. 1928இல் நிகழ்ந்த ஒரு தீ விபத்தில் இடது கையின் இரு விரல்கள் முடங்கிப்போக, மீதி விரல்களை வைத்துக்கொண்டே ஐரோப்பிய ஜாஸ் கிதாருக்கு ஒரு புதிய மொழியை உருவாக்கிய ஜிப்ஸிக் கலைஞர் அவர். இதைக் கேட்டபின் அயோமி செய்தது, நம் பார்வையில், ஒரு கலைஞர் செய்வதைவிட ஒரு தொழிலாளி செய்வதே. பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, உருட்டி, விரல்நுனிகளுக்கு உறைகள் செய்தார். தந்தி வழுக்காமலிருக்கப் பழைய தோல்சட்டை ஒன்றிலிருந்து துண்டுகளை வெட்டி அவற்றின் மேல் ஒட்டினார். அப்போது கடைகளில் கிடைத்த கிதார் தந்திகள் கனமானவை; அவற்றை வளைக்க அந்த விரல்களால் ஆகவில்லை. பாஞ்சோ என்னும் இசைக்கருவியின் மெல்லிய தந்திகளை வாங்கிக் கிதாரில் கட்டினார்.

இவை எல்லாம் சேர்ந்து என்ன செய்தன என்பதைக் கவனிக்க வேண்டும். உறை போட்ட விரலுக்குத் தந்தியின் தொடுவுணர்வு கிடையாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால்தான் அறிய முடியும். பல சுரங்களை ஒன்றாகப் பிடிக்கும் விரிந்த கோர்வைகள் கடினம். ஆதார சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் மட்டும் பிடிக்கும் எளிய இரட்டைச் சுரம் எளிது. அந்த இரட்டைச் சுரத்தை மின்பெருக்கியில் உரக்க விட்டால் அது தடித்த சுவர்போல எழுந்து நிற்கும். அயோமியின் கையில் கிதார் சரளமாக ஓடுவதைக் குறைத்துக்கொண்டு கனம் கொண்டது. பின்னர் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பத்து விரலும் முழுமையாக இருந்தும் அப்படியே வாசிக்கக் கற்றார்கள். ஒருவருடைய இயலாமை ஒரு மொழியின் இலக்கணமாக ஆகிவிட்டது.

*

நால்வரும் பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசிய நகரம் அது. போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் இடிபாடுகள் அகற்றப்படாமல் கிடந்தன. 1948, 1949இல் பிறந்த இந்தப் பையன்களுக்கு அவையே விளையாட்டுத் திடல்கள். ஜான் ஆஸ்போர்ன் என்கிற ஆஸி, பள்ளியை விட்டபின் மாட்டுத்தொட்டியில் வேலை செய்தார். கார் ஹாரன்களின் ஒலியைச் சோதிக்கும் வேலையும் பார்த்தார். திருட்டு வழக்கில் சிக்கியபோது அபராதத்தைக் கட்டத் தந்தை மறுத்ததால் சில வாரம் வின்சன் கிரீன் சிறையில் இருந்தார். அயர்லாந்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த கீஸர் பட்லர் கணக்கெழுதப் பயின்றுகொண்டிருந்தார். பில் வார்ட் மேளக்காரர். ஜீன் க்ரூப்பா, பட்டி ரிச் போன்ற ஜாஸ் மேதைகளைக் கேட்டு வளர்ந்தவர். இது முக்கியம். பிளாக் சபாத்தின் முதல் இசைத்தட்டுகளில் கிதார் எவ்வளவு கனமாக நடந்தாலும், அடியில் மேளம் ஊசலாடிக்கொண்டே இருக்கும். பின்வந்த மெட்டல் குழுக்கள் கனத்தைப் பெற்றுக்கொண்டன. இந்த ஊசலாட்டத்தைப் பெரும்பாலும் தவறவிட்டன என்பது நம் எண்ணம்.

தொழிற்சாலைச் சம்மட்டிகளின் ஓசைதான் இந்த இசையாயிற்று என்று சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. அந்த வட்டாரத்து இசைஞர்கள் சிலரே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சம்மட்டி ஓசை கேட்ட ஊர்கள் உலகில் ஏராளம். அங்கெல்லாம் ஹெவி மெட்டல் பிறக்கவில்லை. ஓசையைவிட, அந்த வேலை மனிதர்களின் உடலோடும் நேரத்தோடும் நடந்துகொண்ட விதமே இங்கே பேசப்பட வேண்டியது.

நேரம் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 1968இல் இவர்கள் ப்ளூஸ் வாசிக்கும் குழுவாகச் சேர்ந்து, பிறகு எர்த் என்று பெயர் மாற்றி ஊர் ஊராக வாசித்துவந்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அயோமியை ஜெத்ரோ டல் என்னும் புகழ்பெற்ற குழு அழைத்துக்கொண்டது. அவர் போனார்; ரோலிங் ஸ்டோன்ஸ் ஏற்பாடு செய்த ஒரு நிகழ்ச்சிப் படப்பிடிப்பிலும் அக்குழுவோடு தோன்றினார். சில வாரங்களில் திரும்பி வந்துவிட்டார். வரும்போது ஒரு பாடத்தோடு வந்தார்: அந்தக் குழு காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஒத்திகைக்கு உட்கார்ந்துவிடும். இசை என்பது இரவில் மனம்போனபடி நிகழ்வது என்று நினைத்திருந்த நண்பர்களைக் காலையில் எழுப்பி ஒத்திகைக்கு உட்காரவைத்தார். தொழிற்சாலையிலிருந்து தப்பி வந்தவர்கள் தொழிற்சாலையின் நேரத்தைத் தாமே தேர்ந்துகொண்டார்கள்.

1969இல் பெயர் மீண்டும் மாறியது. இத்தாலிய இயக்குநர் மரியோ பாவா 1963இல் எடுத்த, போரிஸ் கார்லாஃப் நடித்த ஒரு பேய்ப்படம் ஆங்கிலத்தில் பிளாக் சபாத் என்ற பெயரில் ஓடியது. மக்கள் காசு கொடுத்து அஞ்சப் போகிறார்களே, அச்சமூட்டும் இசை ஏன் இருக்கக்கூடாது என்ற யோசனை அப்படித்தான் பிறந்தது. பட்லர் அப்போது குஸ்தாவ் ஹோல்ஸ்ட்டின் கோள்கள் என்ற இசைத்தொகுதியில் வரும் செவ்வாய்ப் பகுதியில் ஈடுபட்டிருந்தார். அதை அவர் தம் பேஸ் கிதாரில் வாசித்துப் பார்த்ததன் தொடர்ச்சியாக, அயோமி மூன்றே சுரங்களில் ஒரு தொடரைக் கண்டடைந்தார். ஆதார சுரம், அதன் மேல்ஸ்தாயி, பிறகு இரண்டுக்கும் நட்டநடுவே ஒரு சுரம். குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாடலுக்கு அதுவே அடித்தளம்.

கர்னாடக இசை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. ஷட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள இடைவெளி அது. கல்யாணியிலும் பந்துவராளியிலும் நாம் நாள்தோறும் கேட்டு மகிழும் சுரம். ஆனால் ஐரோப்பிய இசையில் இந்த இடைவெளிக்கு இசையில் உறையும் சாத்தான் என்றொரு பட்டப்பெயர் உண்டு. இடைக்காலத் திருச்சபை இதைத் தடைசெய்திருந்தது என்றுகூட எழுதுவார்கள். அதற்குச் சரியான சான்று இல்லை. தடை இருந்ததோ இல்லையோ, அந்த மரபில் வளர்ந்த செவிக்கு அது தீராத ஒரு முரண். எங்காவது போய்ச் சேர வேண்டிய ஒலி. அயோமி அதை எங்கும் போய்ச் சேர விடாமல், மெதுவாக, திரும்பத் திரும்ப வாசித்தார். அச்சம் அங்கேதான் பிறக்கிறது. ஒரே சுரம் ஒரு மரபில் கருணையாகவும் இன்னொன்றில் பேயாகவும் ஒலிக்கிறது என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

*

முதல் ஆல்பம் 1969 அக்டோபர் 16 அன்று லண்டனில் ஒரே நாளில் பதிவுசெய்யப்பட்டது. மேடையில் வாசிப்பதுபோலவே வாசித்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மழையும் இடியும் கோயில் மணியும் பின்னர் சேர்க்கப்பட்டன. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையன்று அது வெளிவந்தது. பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை என்பது மேற்கே அபசகுனம். வெளியீட்டாளர்களின் வியாபாரத் தந்திரம் அதில் தெரிகிறது. உறையின் உள்ளே தலைகீழ்ச் சிலுவையை அச்சிட்டதும் அவர்களே. குழுவினருக்கு அது முன்கூட்டித் தெரியாது. இவர்கள் கழுத்தில் தொங்கிய சிலுவைகளோ நேரானவை; கருவி செய்யும் தொழிலாளியான ஆஸியின் தந்தை, தம் வேலையிடத்தில் அலுமினியத்தில் செய்து கொடுத்தவை. சாத்தானை வழிபடுபவர்கள் என்று பெயர் பெற்ற குழு அது. அந்த முதல் பாடலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது சாத்தானைக் கண்டு நடுங்கும் ஒருவனின் அலறல் என்று. 1971இல் பட்லர் எழுதிய ஒரு பாடல் வெளிப்படையாகவே கிறித்துவ நம்பிக்கைக்காக வாதிடுகிறது. ஒரு படத்தை ஒருமுறை மாட்டிவிட்டால் கழற்றுவது எளிதல்ல.

விமரிசகர்கள் இந்த ஆல்பத்தைத் துவைத்து எடுத்தார்கள். அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழில் லெஸ்டர் பாங்ஸ், இது க்ரீம் குழுவின் மட்டமான நகல் என்ற வகையில் எழுதினார். ஆல்பம் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடத்துக்குச் சென்றது. விமரிசகர் ஒரு பக்கம், வாங்குபவர் மறு பக்கம் என்ற இந்தப் பிளவைப் பலர் ரசனைக் குறைவின் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைய இசை விமரிசனத்தின் செவி கலிபோர்னியாவில் இருந்தது. மலரும் அன்பும் விடுதலையும் அங்கே பேச்சு. ஆஸ்டனில் தகடு அடித்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தப் பேச்சு எட்டவே இல்லை. எட்டியபோது அது பொய்யாகப் பட்டது. இந்த இசை யாருக்கு உண்மையாகப் பட்டதோ அவர்கள் பத்திரிகைகளில் எழுதுபவர்கள் அல்லர். பாங்ஸின் பெருமைக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: 1972இல் க்ரீம் என்னும் இதழில் அவரே இவர்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அதில் இவர்களை ஒழுக்கவாதிகளாகவே கண்டார்.

ஒழுக்கவாதிகள் என்ற சொல் பொருத்தமானது. 1970 செப்டம்பரில் வந்த இரண்டாம் ஆல்பமான பாரனாய்டைப் பாருங்கள். அதன் முதல் பாடலான வார் பிக்ஸ், போரை அறிவிப்பவர்களையும் போரில் சாகிறவர்களையும் பிரித்துக் காட்டுகிறது. ஏழைகள் முன்னே தள்ளப்பட, ஆணையிடுபவர்கள் ஒளிந்துகொள்கிறார்கள் என்பதே அதன் குற்றச்சாட்டு. இன்னொரு பாடல், வியட்நாமிலிருந்து ஹெராயின் பழக்கத்தோடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களைப் பற்றியது. ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கப் படைமுகாம்களில் வாசிக்கப் போனபோது அவர்களிடம் கேட்டறிந்தவை அதற்கு மூலம். வார் பிக்ஸ் என்பதே ஆல்பத்தின் தலைப்பாகவும் இருக்க வேண்டியது. கடைசியில் பாரனாய்டு என்றாயிற்று. அட்டையில் வாளோடு பாயும் மனிதன் மட்டும், தலைப்புக்குச் சம்பந்தமின்றி, அப்படியே தங்கிவிட்டான். பாரனாய்டு என்ற பாடல், ஆல்பத்தில் சில நிமிடம் குறைகிறது என்பதற்காக அரைமணிக்குள் புனையப்பட்டது. அது பிரிட்டனின் தனிப்பாடல் பட்டியலில் நான்காம் இடத்தையும், ஆல்பம் முதலிடத்தையும் பெற்றன. கணக்கெழுதப் பயின்ற பட்லர்தான் இந்தப் பாடல்வரிகளில் பெரும்பாலானவற்றை எழுதினார் என்பது போதிய அளவு பேசப்படுவதில்லை.

மூன்றாம் ஆல்பமான மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டியில் (1971) அயோமி இன்னொரு படி இறங்கினார். சொல்லுக்குச் சொல் இறங்கினார் என்றே கொள்ளலாம். தந்திகளின் இழுப்பைத் தளர்த்தி, கிதாரின் சுருதியை ஒன்றரைச் சுரம் தாழ்த்தினார். தந்தி தளர்ந்தால் விரலுக்கு வலி குறையும், வளைப்பது எளிது. காரணம் அவ்வளவுதான். விளைவோ, அதுவரை எவரும் கேட்டிராத ஓர் ஆழம். பட்லரும் தம் பேஸ் கிதாரைக் கூடவே தாழ்த்த, இரண்டும் ஒரே உயிராக மூச்சு விடுவதுபோல் ஒலித்தன. எண்பதுகளில் டூம் மெட்டல் என்று தனி வகையாகக் கிளைத்ததும், தொண்ணூறுகளில் சியாட்டில் நகரத்துக் குழுக்கள் வாசித்ததும் இந்த ஒன்றரைச் சுர இறக்கத்திலிருந்து வந்தவை. இன்டு தி வாய்டு என்ற பாடலை ஒருமுறை நல்ல ஒலிபெருக்கியில் கேட்டால் நாம் சொல்வது விளங்கும். இந்தக் குழுவிடமிருந்து ஒரே ஒரு பாடல் போதும் என்பவர்களுக்கு நாம் அதைத்தான் காட்டுவோம்.

*

பணம் வந்தது. 1972இல் நான்காம் ஆல்பத்துக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் போய், பெல் ஏர் பகுதியில் ஒரு மாளிகையை வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். ஒலிப்பதிவுக்கு ஆனதைவிடக் கொக்கேயினுக்கு ஆனது அதிகம் என்று பட்லர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்தக் காலத்துக் கதைகளை ரசித்து எழுதும் புத்தகங்கள் நிறைய உண்டு. நமக்கு அதில் ருசியில்லை. குறிப்பிட வேண்டியது வேறொன்று: அந்த ஆல்பத்தில் பியானோவோடு வரும் சேஞ்சஸ் என்ற மென்சோகப் பாடல், இவர்கள் கனத்துக்குள் அடைபட்டுப் போக விரும்பவில்லை என்பதற்குச் சான்று. அடுத்த ஆண்டு அயோமிக்கு எதுவுமே தோன்றாத வறட்சி. இங்கிலாந்து திரும்பி, க்ளோஸ்டர்ஷயரில் உள்ள கிளியர்வெல் கோட்டையின் நிலவறையில் கருவிகளை இறக்கி வாசித்தபின்தான் சபாத் பிளடி சபாத் பாடலின் தொடக்கம் அவருக்குக் கிடைத்தது. வெளிச்சமும் நீச்சல்குளமும் இவர்களுக்கு ஆகவில்லை போலும்.

பாடிச் சம்பாதித்த பணம் எங்கே போகிறது என்பது இவர்களுக்குத் தெரியவில்லை. பழைய நிர்வாகத்தோடு வழக்கு மூண்டது. 1975இல் வந்த சபோட்டாஜ் ஆல்பத்தை வழக்கறிஞர்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கே வந்துபோகும் நிலையில் செய்து முடித்தார்கள். அதன் கடைசிப் பாடலின் தலைப்பே நீதிமன்ற ஆணை என்று பொருள்படும் தி ரிட். முதல் ஆறு ஆல்பங்களின் வரிசை இதோடு முடிகிறது. அடுத்த இரண்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆஸி ஒருமுறை விலகினார், திரும்பினார், தந்தையை இழந்தார், குடித்தார், மற்றவர்களும் குடித்தார்கள். 1979 ஏப்ரலில் அவரை நீக்கினார்கள். அதைச் சொல்லும் வேலை நெருங்கிய நண்பரான பில் வார்டின் தலையில் விழுந்தது.

அதற்குப் பிறகு நிகழ்ந்தது யாரும் எதிர்பாராதது. அமெரிக்கரான ரானி ஜேம்ஸ் டியோ பாடகராக வந்தார். 1980இல் ஹெவன் அண்ட் ஹெல் வெளியானது. ஆஸியின் குரல் கிதாரின் தொடரைப் பிடித்துக்கொண்டே கூடவே செல்வது. அயர்ன் மேன் பாடலில் குரலும் கிதாரும் ஒரே கோட்டில் நடப்பதைக் கேட்கலாம். டியோ அப்படிப் பாடுபவரல்லர். கிதாருக்கு மேலே தனி வழி வகுத்துப் பறக்கும் குரல் அவருடையது. ஆகவே அயோமி அதற்கு வெளிவிடும்படி எழுத வேண்டியதாயிற்று. முப்பது வயதைத் தாண்டிய ஒரு கலைஞர் தம் கையின் பழக்கத்தையே மாற்றிக்கொண்டு இன்னொரு முதல் ஆல்பம் செய்வது எளிதன்று. ஆஸி இல்லாத பிளாக் சபாத்தை ஏற்காதவர்கள் உண்டு. அவர்களோடு நாம் உடன்படவில்லை. ஆனால் அந்த ஆண்டே, பயணத்தின் நடுவில், பில் வார்ட் விலகினார். குடியும் துயரமும் அவரை முடக்கியிருந்தன. ஊசலாடும் அந்த மேளம் அதோடு போயிற்று.

டியோ 1982இல் பிரிந்தார். டீப் பர்ப்பிள் குழுவின் இயன் கில்லன் ஓராண்டு பாடினார். அந்தப் பயணத்துக்காக ஸ்டோன்ஹெஞ்ச் கற்களைப்போல மேடை அமைப்பு ஒன்றைச் செய்யச் சொல்ல, அடிக்கணக்கை மீட்டர்க் கணக்காக எடுத்துக்கொண்டதால் அது எந்த அரங்கிலும் நுழையாத அளவுக்கு வளர்ந்துவிட்டது என்பார்கள். சிரிக்கத்தக்க செய்திதான். எனினும் ஒரு தொழிற்சாலைக் காயத்தில் பிறந்த இசை பொய்க்கற்களின் நடுவே வந்து நின்றதை எண்ணினால் சிரிப்பு முழுதாக வருவதில்லை.

*

எண்பதுகளின் நடுவில் அயோமி ஒருவரே மிஞ்சினார். இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நால்வரில் மூவர் போனபின் அது பிளாக் சபாத் தானா? 1986இல் அவர் தம் சொந்தப் பெயரில் வெளியிட எண்ணிய ஆல்பத்தை, விற்பனைக்காகப் பழைய பெயரில்தான் வெளியிட வேண்டும் என்று நிறுவனம் வற்புறுத்தியது. ஆக அட்டையில் பிளாக் சபாத், உடன் டோனி அயோமி என்று விநோதமாக அச்சாயிற்று. தம் குழுவுக்கே தாம் விருந்தாளி. 1987இல் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் இந்தப் பெயர் மேடையேறியது. நிறவெறி அரசுக்கு எதிராக உலகக் கலைஞர்கள் புறக்கணிப்பைக் கடைப்பிடித்துக்கொண்டிருந்த காலம். வார் பிக்ஸ் பாடலை எழுதிய பெயர் அங்கே போயிருக்கக் கூடாது. அந்தப் பாடலை எழுதியவர்களில் அயோமியைத் தவிர யாரும் அப்போது குழுவில் இல்லை என்பது சமாதானம் ஆகாது. பெயரை வைத்துக்கொள்பவர் அதன் கடனையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறார்.

ஆனால் அந்த ஆண்டுகளை முழுவதும் தள்ளிவிடுவதும் அநியாயம். பர்மிங்ஹாம்காரரான டோனி மார்ட்டின் 1987க்கும் 1995க்கும் இடையே ஐந்து ஆல்பங்களில் பாடினார். ஆஸிக்கு அடுத்தபடியாக நீண்ட காலம் உழைத்த பாடகர் என்று சொன்னால்கூட அவருக்குக் குறைத்துச் சொல்வதாகும். 1989இல் வந்த ஹெட்லெஸ் கிராஸ் நல்ல ஆல்பம். இவற்றில் பெரும்பாலானவை பல ஆண்டுகள் கடைகளில் கிடைக்காமலே இருந்தன. 2024இல்தான் பெட்டித் தொகுப்பாக மறுபடி வெளியிடப்பட்டன. நடுவே 1992இல் டியோ திரும்பிவந்து ஒரு ஆல்பம் செய்தார். ஆஸியின் பிரிவுபசார நிகழ்ச்சியில் முன்னதாக வாசிக்கச் சொன்னபோது மறுத்து மறுபடி விலகினார். தன்மானம் உள்ள மனிதர். 2006இலிருந்து அதே அணி ஒன்றுகூடியபோது ஹெவன் அண்ட் ஹெல் என்ற பெயரில்தான் வாசித்தது. டியோ 2010 மே மாதம் புற்றுநோயால் இறந்தார்.

பழைய நால்வர் 1997 டிசம்பரில் பர்மிங்ஹாமில் மீண்டும் ஒன்றாக வாசித்தார்கள். அதன் பிறகும் பெயர் யாருக்கு என்ற தகராறு ஓயவில்லை. 2009இல் ஆஸி அயோமி மீது வழக்குத் தொடுத்தார்; மறு ஆண்டு சமரசமாயிற்று. 2011 நவம்பர் 11 அன்று, நால்வரும் புதிய ஆல்பம் செய்யப்போவதாக அறிவித்தார்கள். சில வாரங்களில் அயோமிக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரியவந்தது. அவர் சிகிச்சைக்கிடையே வேலையைத் தொடர்ந்தார். தொடராதவர் பில் வார்ட். தமக்குக் கொடுத்த ஒப்பந்தம் கையெழுத்திடத் தக்கதாக இல்லை என்று 2012இல் அறிவித்து விலகிக்கொண்டார். அவர் உடல்நிலை பயணத்துக்குத் தாங்காது என்று எதிர்த்தரப்பில் சொல்லப்பட்டது. 2013இல் 13 என்ற ஆல்பம் வெளிவந்து பிரிட்டனில் முதலிடம் பெற்றது. பாரனாய்டுக்குப் பிறகு ஏறத்தாழ 43 ஆண்டு கழித்துக் கிடைத்த முதலிடம். அமெரிக்காவிலும் முதலிடம், அங்கே அதுவே முதல் தடவை. மேளம் வாசித்தவர் வேறொருவர். தேர்ந்தவர்தான், பிழையில்லாமல்தான் வாசித்தார். எனினும் அந்த ஆல்பம் முழுக்க ஒரு காலி நாற்காலி ஒலிக்கிறது.

2017 பிப்ரவரி 4 அன்று பர்மிங்ஹாமில் நடந்ததை இறுதி நிகழ்ச்சி என்றார்கள். அங்கும் வார்ட் இல்லை. நகரம் இதற்குள் தன் பிள்ளைகளைக் கண்டுகொள்ளத் தொடங்கியிருந்தது. 2019இல் பிராட் தெருவின் கால்வாய்ப் பாலத்துக்குக் குழுவின் பெயர் சூட்டி, நால்வர் முகம் பதித்த இருக்கையையும் வைத்தார்கள். 2023இல் கார்லோஸ் அகோஸ்டாவின் தலைமையில் பர்மிங்ஹாம் ராயல் பாலே இவர்களது இசையைக் கொண்டு ஒரு முழு நாட்டிய நாடகத்தையே மேடையேற்றியது. இவர்கள் இளைஞர்களாக இருந்தபோது இவர்களது இசையை இசை என்று ஒப்ப மறுத்த அதே வகுப்பார் நல்லுடை உடுத்தி வந்து கைதட்டினார்கள். 2025 ஜூன் 28 அன்று நால்வருக்கும் நகரத்தின் உயர்ந்த கௌரவம் அளிக்கப்பட்டது.

அதற்கு ஒரு வாரம் கழித்து, ஜூலை 5 அன்று, ஆஸ்டனின் வில்லா பார்க் கால்பந்து அரங்கில் நால்வரும் சேர்ந்து வாசித்தார்கள். ஆஸி வளர்ந்த தெரு அங்கிருந்து நடக்கும் தூரம். பந்தாட்டம் பார்க்க வருபவர்களின் கார்களுக்குக் காவல் நின்று சில்லறை வாங்கிய பையன் அவர். மெட்டாலிகாவும் ஸ்லேயரும் கன்ஸ் அண்ட் ரோஸஸும் நாள் முழுதும் அவர்களுக்கு முன்னால் வாசித்தார்கள். வருவாய் பார்க்கின்சன் நோய் ஆய்வுக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டது. ஆஸியாலும் நடக்க முடியவில்லை, பார்க்கின்சன் நோய். ஒரு சிம்மாசனத்தில் அமர்ந்தபடியே பாடினார். மேளத்தின் பின்னால், 77 வயதில், சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தவர் பில் வார்ட். வேகம் குறைந்திருந்தது. அந்த ஊசலாட்டம் இருந்தது. வாசித்தவை நான்கே பாடல்கள். நான்கும் முதல் இரண்டு ஆல்பங்களிலிருந்து.

பதினேழு நாள் கழித்து ஆஸி இறந்தார். ஜூலை 30 அன்று அவர் உடலைத் தாங்கிய வண்டி பிராட் தெருப் பாலத்தருகே சற்று நின்றது. முன்னால் நடந்து வந்த உள்ளூர்ப் பித்தளை வாத்தியக் குழு அயர்ன் மேனை வாசித்தது.